துண்டுக்குள் மறைந்த விலை

துண்டு ஒன்று விரிகிறது. அதனடியிலே இரண்டு கைகள் நுழைகின்றன. விரலை விரல் தொடுகிறது, அழுத்துகிறது, விடுகிறது. சுற்றி நிற்போர் பலர். ஆயினும் எவர் காதிலும் ஒரு சொல் விழவில்லை. எவர் கண்ணிலும் ஓர் எண் படவில்லை. கைகள் வெளியே வருகின்றன. மாடு கைமாறிவிட்டது!

மாட்டுச் சந்தைக்குச் சென்று பழகியோர் இக்காட்சியை அறிவர். துண்டு போட்டு விலை பேசுதல் என்பர் அதனை. எந்த விரலைப் பிடித்தால் எவ்வளவு தொகை என்பது தரகர் வகுத்த கணக்கு. தரகருக்கே விளங்கும் கணக்கு. மாட்டை வளர்த்தவரோ, தவிடும் பிண்ணாக்கும் தேடித் தேடி வைத்தவரோ, கயிற்றைப் பிடித்தபடி ஒதுங்கி நிற்பார். அவருடைய பொருளுக்கு, அவர் கண்ணெதிரிலேயே விலை பேசப்படுகிறது. அவருக்கு மட்டும் அது தெரிவதில்லை!

துண்டு சிறியது. ஆனால் அதனடியிலே மறைந்து கிடந்த வரலாறு நெடியது. அவ்வரலாற்றை நான் தேடத் தொடங்கியதற்குக் காரணம் நூலகமன்று, ஒரு மாணவன்.

குன்னம் வட்டாரத்திலே பள்ளி ஆசிரியனாகப் பணியாற்றுபவன் நான். பெரும்பகுதி மானாவாரி நிலம். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் – இவையே இப்பக்கத்து உழவரின் நம்பிக்கை. ஒருநாள் வகுப்பிலே விழுக்காட்டுக் கணக்கு நடத்திக் கொண்டிருந்தேன். ஒரு மூட்டை வெங்காயம் இன்ன விலைக்கு விற்றது, தரகு நூற்றுக்குப் பத்து, உழவர் கைக்கு வருவது எவ்வளவு என்று கேட்டேன். விடைகள் பறந்து வந்தன. கடைசி வரிசைச் சிறுவன் ஒருவன் மட்டும் எழுதவில்லை.

“ஏனப்பா, கணக்குத் தெரியவில்லையா?”

“தெரியும் சார். ஆனா எங்க வீட்டுல கணக்கு இப்படி வராது. மூட்டையை முதல்ல அனுப்பிடுவோம். என்ன விலைக்குப் போச்சுன்னு அப்புறந்தான் சொல்லுவாங்க.”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எழுதிய கணக்கில் விலை முதல் வரியிலே இருந்தது. அவன் வாழும் கணக்கில் விலை கடைசி வரியிலே வருகிறது. அதையும் வேறொருவர் எழுதுகிறார்! ஏறத்தாழ எழுபது நாள் நின்று விளைவித்த பயிர். திருகல் நோய்க்கு அஞ்சி அஞ்சிக் காத்த பயிர். பட்டறை போட்டு, மழை படாமல் மூடி வைத்த பயிர். அதன் விலையைக் கேட்கும் உரிமை விளைவித்தவருக்கு இல்லையென்றால், அந்த உரிமையை யார் எடுத்துக்கொண்டார்? எப்போது எடுத்துக்கொண்டார்? யார் மீட்க முயன்றார்?

சந்தை நமக்குப் புதிதன்று. மதுரையிலே பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் நடந்ததை மதுரைக்காஞ்சி காட்டுகிறது. புகாரிலே, மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே நாளங்காடி கூடியதைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. அந்நகரத்து வணிகர் வாங்குவதிலும் விற்பதிலும் நேர்மை பிறழாதவர்கள் என்று பட்டினப்பாலை பாராட்டுகிறது. பெருமைதான். ஆனால் பெருமை பேசிவிட்டுப் படுத்துறங்குவது நம் வேலையன்று. நேர்மையை ஒரு சிறப்பாக எடுத்துப் புலவன் பாடினான் என்றால், நேர்மையற்ற வணிகத்தையும் அவன் கண்டிருக்க வேண்டும் அன்றோ? நோயைக் கண்டவனுக்குத்தானே உடல்நலத்தின் அருமை தெரியும்!

நோய் எவ்வளவு முற்றிப் போயிருந்தது என்பதைப் பிற்காலத்திலே ஆங்கில ஆட்சியின் ஏடே சொல்லிற்று. 1926இல் அமைக்கப்பட்டு, லின்லித்கோ தலைமையிலே இயங்கிய வேளாண்மைக்கான அரச ஆணைக்குழு, 1928இல் தன் அறிக்கையை அளித்தது. சந்தைக்கு வரும் உழவர் எப்படியெல்லாம் இழக்கிறார் என்று அதிலே பட்டியலிட்டிருந்தனர். தராசும் எடைக்கல்லும் அவருக்கு எதிராகவே சாய்க்கப்படுகின்றன. மாதிரி பார்ப்பது என்ற பெயரிலே கை நிறையச் சரக்கு அள்ளப்படுகிறது. வாங்குபவரின் ஆளும் விற்பவரின் ஆளும் மறைவாகப் பேரம் பேசிக்கொள்ள, பொருளுக்குரியவர் ஒன்றும் அறியாது நிற்கிறார். இவை போதாவென்று, அறத்தின் பெயராலும் சமயத்தின் பெயராலும் பிடித்தம் வேறு!

எண்ணிப் பாருங்கள் தோழர்களே! கொடை கொடுப்பவர் உழவர். கொடுக்கலாமா என்று அவரைக் கேட்டவர் இல்லை. கொடுத்த புகழோ பிடித்தம் செய்தவருக்கு! அரசு விதிக்கும் வரிக்கேனும் சட்டம் உண்டு, சீட்டு உண்டு. இந்தப் பிடித்தத்துக்கு வழக்கம் ஒன்றே சட்டம். “அது அப்படித்தான், அந்த நாளிலிருந்து அப்படித்தான்” என்ற சொல்லுக்கு முன்னால் கைகட்டி நிற்கப் பழகிய நாட்டிலே, வழக்கத்தைக் காட்டிலும் வலிய சட்டம் ஏது?

அரச ஆணைக்குழு எழுதுவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பே, உழவரின் நிலை குறித்து ஒரு குரல் எழுந்தது. அது புனேயிலே பிறந்த மகாத்மா ஜோதிராவ் புலேயின் குரல். மலர் வணிகத்தாலும் தோட்டப் பயிராலும் வாழ்ந்த குடும்பம் அவருடையது. 1880களின் தொடக்கத்திலே, ‘உழவனின் சாட்டை’ என்று பொருள்படும் நூலை மராத்தியில் எழுதினார். உழவரின் வறுமை தலைவிதியன்று. கல்வி மறுக்கப்பட்டதால், எழுதத் தெரிந்தவர் எழுதாதவரை ஏய்த்ததால் வந்த வினை என்பது அவர் கண்ட உண்மை.

அவர் வாழ்விலே ஒரு நிகழ்ச்சி நம் சிந்தனைக்கு உரியது. 1876 முதல் சில ஆண்டுகள் புனே நகராட்சியில் அவர் உறுப்பினராக இருந்தார். அந்நாளிலே, நகருக்குப் பெரியதோர் அங்காடிக் கட்டடம் எழுப்பத் திட்டம் வந்தது. தோட்டக்காரர் குடும்பத்திலே பிறந்தவர் மகிழ்ந்து வரவேற்றிருப்பார் என்று எண்ணுவோம். இல்லை, எதிர்த்தார்! அவ்வளவு பணத்தை ஏழை மக்களின் கல்விக்குச் செலவிடுங்கள் என்பது அவர் வாதம். கட்டடம் எழுந்தது, 1886இல் ஆளுநர் ரேயின் பெயர் தாங்கித் திறக்கப்பட்டது. காலம் செய்த விந்தை காணீர்! இன்று அந்த அங்காடியின் பெயர் மகாத்மா புலே மண்டை. கோபுரம் வைத்துக் கட்டினால் மட்டும் அங்காடி உழவருடையது ஆகிவிடாது. அங்கே எழுதப்படும் கணக்கை அவர் படிக்கத் தெரிந்தால்தான் ஆகும் என்னும் பாடத்தை, அவர் எதிர்த்த கட்டடமே அவர் பெயரால் நமக்குச் சொல்லி நிற்கிறது.

சட்டங்கள் வராமலில்லை. 1897இல் பேரார் பகுதியில் பருத்தி, தானியச் சந்தைகளுக்கான சட்டம் வந்தது. உழவர்பால் எழுந்த இரக்கத்தைவிட, மான்செஸ்டர் ஆலைகளுக்கு நல்ல பருத்தி வேண்டும் என்ற ஆசையே அதற்கு வித்து. சென்னை மாகாணத்திலே 1933இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1936இல் திருப்பூரிலே பருத்திக்கு ஒழுங்குமுறைச் சந்தை தோன்றியது. பஞ்சாபிலே உழவர் தலைவர் சோட்டுராம் முயற்சியால் 1939இல் வேளாண் விளைபொருள் சந்தைச் சட்டம் வந்தது. எடைகளை ஒன்றாக்கும் சட்டம் 1956இல் பிறந்தது. இவையெல்லாம் பருத்திக்கும் தானியத்துக்கும் ஓரளவு துணை நின்றன. ஆனால் கத்தரிக்காய்க்கும் கீரைக்கும்? விடியலில் பறித்து, மாலையில் வாடிப்போகும் பொருளுக்கு, அடுத்த வாரம் வரை காத்திருந்து நல்ல விலை கேட்கும் வலிமை ஏது? கூடையைத் திருப்பி எடுத்துச் செல்ல முடியாது என்பது விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். அந்த அறிவே தரகரின் மூலதனம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வணிகர் எல்லோரும் கொடியவர் என்பதன்று நம் வாதம். பெரியாரே ஈரோட்டிலே மண்டி வணிகராக வாழ்வைத் தொடங்கியவர்தாம். மூட்டையை ஊரிலிருந்து ஊருக்குக் கொண்டு செல்வதும், அழுகலின் இழப்பை ஏற்பதும், கடன் கொடுத்துக் காத்திருப்பதும் உழைப்பே. உழைப்புக்குக் கூலி தரலாம், தர வேண்டும். மறைப்புக்குக் கூலி தர வேண்டுமா என்பதே கேள்வி.

சந்தையின் வரலாற்றிலே இன்னொரு துணியும் உண்டு. திருவிதாங்கூரிலே, ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்கள் மேலாடை அணிந்தனர் என்பதற்காகப் பொது இடங்களிலும் சந்தைவெளிகளிலும் தாக்கப்பட்டனர், ஆடைகள் கிழிக்கப்பட்டன. நெடுங்காலப் போராட்டத்துக்குப் பின்னர், 1859 ஜூலையில்தான் மேலாடை அணியும் உரிமையை அரசு அறிவித்தது, அதுவும் கட்டுப்பாடுகளுடன்! சந்தை எல்லோருக்கும் பொது என்று ஏடுகள் சொல்லும். ஆனால் தலைநிமிர்ந்து நின்று விற்கவும் வாங்கவும் உரிமை, கேட்டுப் போராடியவருக்கே கிடைத்தது. ஆகவே, சந்தைச் சீர்திருத்தம் என்பது காய்கறிச் செய்தி மட்டுமன்று. தன்மானச் செய்தியும் ஆகும்.

இடையிலே நிற்போர் இன்றி விளைவித்தவரும் உண்பவரும் நேருக்குநேர் நின்றால் என்ன? இந்த எளிய எண்ணத்தைச் செயலாக்கிய நகரங்களுள் ஒன்று அமெரிக்காவின் சியாட்டில். அங்கே கிளர்ச்சிக்குக் காரணமாயிருந்த பொருள் எது தெரியுமா? வெங்காயம்! 1906க்கும் 1907க்கும் இடையே வெங்காய விலை பத்து மடங்காக ஏறியது. வாங்கியவர் வயிறெரிந்தனர், விளைவித்தவருக்கோ ஏற்றத்தின் பயன் எட்டவில்லை. நகரமன்ற உறுப்பினர் தாமஸ் ரெவெல், உழவர்கள் தாமே வந்து தெருவில் விற்க இடம் கேட்டார், வென்றார். 1907 ஆகஸ்டு 17 அன்று, பைக் பிளேஸ் என்னுமிடத்திலே உழவர் வண்டிகள் சில வந்து நின்றன. மக்கள் வெள்ளம் சூழ்ந்தது. நண்பகலுக்கு முன்பே வண்டிகள் காலி! அந்தச் சந்தை இன்றும் நடக்கிறது.

நம் நாட்டிலே பஞ்சாபில் 1987இல் ‘அப்னி மண்டி’ – ‘நம் சந்தை’ – தோன்றியது. ஆந்திரத்திலே 1999 ஜனவரி 26 அன்று ‘ரைத்து பஜார்’ தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று, மதுரை அண்ணா நகரிலே தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையை அன்றைய முதல்வர் கலைஞர் மு. கருணாநிதி திறந்து வைத்தார். ஏறத்தாழ ஓராண்டிலே நூறு சந்தைகள் எழுந்தன. 2001இல் ஆட்சி மாறியபின் ஆதரவு குன்றியது. 2006க்குப் பின் மீண்டும் தளிர்த்தது. இன்று மாநிலத்திலே 180க்கும் மேற்பட்ட உழவர் சந்தைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று நம் மாவட்டத் தலைநகராம் பெரம்பலூரிலே இருக்கிறது.

அங்கே நடப்பது என்ன? உழவருக்கு ஒளிப்படத்துடன் அடையாள அட்டை. கடைக்கு வாடகை இல்லை. தராசுக்குக் கட்டணம் இல்லை. தரகும் இல்லை. இன்ன கடை இன்னாருக்கே என்ற பரம்பரைப் பட்டயமும் இல்லை. காய்கறிச் சுமையை அரசுப் பேருந்தில் கட்டணமின்றிக் கொண்டுவர வழி செய்தனர். யாவற்றினும் மேலாக, வாயிலிலே ஒரு பலகை! அன்றைய மொத்த விலை, வெளிச் சந்தையின் சில்லறை விலை இரண்டையும் பார்த்து, காலையிலே விலை குறிக்கப்படுகிறது. மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதல்; சில்லறை விலையைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவு. இதுவே வகுத்த அளவு. விற்பவருக்கு ஏற்றம், வாங்குபவருக்கு இறக்கம்! இது என்ன மாயம் என்பீர். மாயமன்று, கூட்டல் கழித்தல்தான். இடைவழியிலே கரைந்தது, இரு பக்கமும் பங்கிடப்படுகிறது, அவ்வளவே.

அப்படிக் கரைவது எவ்வளவு? 2024இல் இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வுத்தாள் ஒன்று, நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயிலே உழவருக்குச் சேரும் பங்கைக் கணக்கிட்டது. தக்காளியில் ஏறத்தாழ 33 காசு. வெங்காயத்தில் 36 காசு. உருளைக்கிழங்கில் 37 காசு. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்! விதை அவருடையது, நீர் அவருடையது, வியர்வை அவருடையது. எஞ்சியது போக்குவரத்துக்கும் அழுகலுக்கும் கைமாற்றுக்கும். இதைப் படித்த நாளன்று, என் கடைசி வரிசை மாணவனின் சொல்லை மீண்டும் நினைத்துக்கொண்டேன்.

நகரத்தார் உழவர் சந்தையை விரும்பக் காரணம் விலை மட்டுமன்று. பனி ஈரம் உலராத கீரை கிடைக்கிறது, எடை சரியாயிருக்கிறது. இவற்றுக்கும் மேலாக, கேள்வி கேட்க ஆள் இருக்கிறார். “எப்போது பறித்தீர்கள் அம்மா? எந்த ஊர்? என்ன மருந்து அடித்தீர்கள்?” என்று கேட்கலாம், பறித்த கையே பதில் சொல்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒளியூட்டி அடுக்கிய காயிடம் இதைக் கேட்க முடியுமா? ஏன், எப்படி, எங்கிருந்து என்று கேட்கும் பழக்கத்தை மேடைக்கு மட்டும் உரியதென்று வைத்துவிடுகிறோம். காய்கறிக் கூடைக்கு முன்னாலும் பழக வேண்டிய பழக்கம் அது.

ஆனால், புகழ்ந்து முடித்துவிட்டுப் போவோமானால் நாமும் ஒரு துண்டைப் போர்த்தியவர்களே ஆவோம். குறைகள் உண்டு. உழவர் அட்டையின் மறைவிலே வணிகர் அமர்ந்துவிட்டார் என்ற புகார் பல ஊர்களில் எழுந்ததுண்டு. அட்டைக்கு அடிப்படை நிலச் சான்று. பட்டா பெரும்பாலும் ஆண்களின் பெயரில், களையெடுப்பும் பறிப்பும் பெண்களின் தோளில். குத்தகைக்குப் பயிரிடும் ஏழை, சான்றுக்காக நடக்க வேண்டிய நடை எத்தனை? நம் குன்னத்து உழவர் விடியலிலே பேருந்தேறிப் பெரம்பலூர் செல்ல வேண்டும். ஒரு பேருந்து தவறினால், ஒரு நாள் விற்பனை தவறுகிறது. மேலும், உழவர் சந்தை காய்கனிக்கு உரியது. இங்கே பெரும்பரப்பிலே விளையும் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் அங்கே இடமில்லை.

பருத்திக்கு ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலே ‘மறைமுக ஏலம்’ நடக்கிறது. மறைவு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். வணிகர் ஒவ்வொருவரும் தம் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் இடுகிறார். பின்னர் யாவும் எடுத்துப் பார்க்கப்படுகின்றன. உயர்ந்த விலை அறிவிக்கப்படுகிறது. இங்கேயும் மறைப்பு உண்டு. ஆனால் வணிகரிடமிருந்து வணிகருக்கு மறைக்கப்படுகிறது. அவர்கள் கூடிப் பேசி விலையைத் தாழ்த்தாமல் இருப்பதற்காக! துண்டின்கீழ் நடந்ததோ, உடையவரிடமிருந்தே மறைத்தது. எது மறைக்கப்படுகிறது என்று கேட்பது அரைக் கேள்வி. யாரிடமிருந்து, யாருக்காக மறைக்கப்படுகிறது என்பதே முழுக் கேள்வி. இந்தக் கேள்வியை அங்காடியிலும் கேட்கலாம், ஆலயத்திலும் கேட்கலாம், அலுவலகத்திலும் கேட்கலாம்.

இளைஞர்களே! உங்களிடம் நான் வேண்டுவது பெரிதொன்றுமில்லை. வாரத்தில் ஒரு நாள் காலை உங்கள் ஊருக்கு அருகிலுள்ள உழவர் சந்தைக்குச் செல்லுங்கள். பலகையைப் படியுங்கள். பலகை வெறுமையாயிருந்தால், ஏன் என்று பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள். விற்பவர் விளைவித்தவர்தாமா என்று அறியுங்கள். குறித்த விலைக்குக் கீழே பேரம் பேசாதீர்கள். துணிக்கடையிலே கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுக் கீரைக்கட்டிடம் வீரம் காட்டுவது வீரமாகாது. அட்டை இல்லாத குத்தகை உழவர், பெண் உழவர் உங்கள் தெருவில் இருந்தால், விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். எழுதத் தெரிந்தவர் எழுதாதவரை ஏய்த்த நாட்டிலே, எழுதத் தெரிந்த தலைமுறை செய்யக்கூடிய கைம்மாறு அது.

என் வகுப்பிலே இப்போது ஒரு புதுப் பழக்கம். காலையில் கரும்பலகையின் ஓரத்திலே, சின்ன வெங்காயத்தின் அன்றைய விலையை ஒரு மாணவர் எழுத வேண்டும். எங்கே, யாரிடம் விசாரித்தது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் நாள் எழுத வந்தவன் அந்தக் கடைசி வரிசைச் சிறுவன். பெரிய எழுத்திலே எழுதினான். எழுதிவிட்டு, சற்று விலகி நின்று, தானே ஒருமுறை படித்துப் பார்த்துக்கொண்டான்.

தோளிலே துண்டு போடும் உரிமையையும் நம் மக்களுக்கு மறுத்த காலம் ஒன்று இருந்தது. இடுப்பில் கட்டு, கக்கத்தில் இடுக்கு என்றனர். சுயமரியாதை கற்ற தலைமுறை அதைத் தோளுக்கு ஏற்றியது. துண்டு இருக்க வேண்டிய இடம் தோள். விலை இருக்க வேண்டிய இடம் பலகை. இரண்டையும் அவற்றின் இடத்திலே வைத்துக் காப்போம்.